தொரசாணி படங்கு

மேசைமேல் இருக்கும் குடை என்னுடையதுதான். அதில் சந்தேகம் வேண்டாம். துணியின் உட்பக்கத்தில் வெள்ளைப் பெயின்டில் 'சிவஞானம், படக்கடை, பதுளை' என்று எழுதியிருப்பது என் கையெழுத்து. பஸ்ஸில் ஆளுக்கு ஆள் குடை மாறிப்போகிற ஊர் இது. பெயர் எழுதாமல் குடை வைத்திருப்பவன் அடிக்கடி குடை வாங்க வசதியுள்ளவனாக இருக்கவேண்டும். நான் அப்படிப்பட்டவன் இல்லை.

அஸீஸ் ஐயா, பொலிஸ் வாக்குமூலத்தை நீங்கள் தமிழிலேயே எழுதுவது எனக்கு நிம்மதியாக இருக்கிறது. வேறு பாஷைக்கு மாற்றினால் விஷயம் கெட்டுப்போகும், ஏனென்றால் எல்லாம் ஒரு சொல்லில்தான் இருக்கிறது. நான் படம் என்று சொல்லும் இடத்தில் படம் என்றே எழுதுங்கள். படங்கு என்று எழுதிவிடாதீர்கள். தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் சாக்கும் படங்குதான், லொறியை மூடுகிற தார்ப்பாயும் படங்குதான். நான் எடுத்தது அது இல்லை.

என் தொழில் படங்களுக்குச் சட்டம் அடித்துக் கண்ணாடி போடுவது. கடையில் பாதி சாமிகள், மீதிப் பாதி இறந்துபோனவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்பிரிங்வெளியிலிருந்து நமுனுகுல வரைக்கும் தோட்டத்து வரிசை வீடுகளில் லயம் லயமாக ஏறி இறங்குவேன். யாராவது தவறிப்போயிருந்தால் கருமாதிக்குள் மாலை போட ஒரு படம் வேண்டும். லயத்து ஆட்களிடம் போட்டோ ஏது? அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படம்தான் இருக்கும். அதை வாங்கிவந்து ஸ்டூடியோவில் பெரிதாக்கி, நானே தூரிகையால் வர்ணம் தீட்டிச் சட்டம் போட்டுக் கொடுப்பேன். "அக்காவுக்குத் தோடு போட்டுருங்க" என்பார்கள். "அப்பாவுக்குக் கோட்டு மாட்டிருங்க" என்பார்கள். உயிரோடு இருந்தபோது தோட்டை அடகு வைத்தவளுக்கெல்லாம் நான்தான் தோடு போட்டு அனுப்பியிருக்கிறேன். ஆகவே, நான் ஒரு லயத்து வாசலில் நின்று 'படத்த எடுத்துக்கிட்டுப் போறேன்' என்று சொன்னால் அதற்கு அங்கே ஒரே அர்த்தம்தான் உண்டு. இதை மறைக்க நான் விரும்பவில்லை. குறித்துக்கொள்ளுங்கள்.

உண்மையைச் சொன்னால், என் கடையில் தொங்குகிற எதையும் நான் படம் என்று மதித்ததில்லை. உலகத்தில் ஒரே ஒரு படத்தைத்தான் பார்த்திருக்கிறேன்.

அது அறுபத்தெட்டாம் ஆண்டு. நமுனுகுல பக்கம் நரிப்பாறைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் மனைவி, ஒரு பெரிய சட்டம் அடிக்க ஆள் வேண்டும் என்று சொல்லியனுப்பினார். பங்களாவின் பின் விறாந்தையில் போய் நின்றேன். தரை முழுக்கக் கித்தான் விரித்துக் கிடந்தது. துரைசாணி செருப்பில்லாமல் அதன்மேல் நடந்துகொண்டு, கையில் ஈர்க்குமாறு ஒன்றைப் பெயின்ட் வாளியில் முக்கி முக்கி வீசிக்கொண்டிருந்தார். குசினிக் கதவுக்குப் பின்னால் வேலைக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கறுப்பு ஒரு பக்கமிருந்து புரண்டு வந்தது. அதன் அடியில் செங்கல் நிறத்தில் ஒரு சிவப்பு நசுங்கிக் கிடந்தது. வலது மூலையில் மட்டும் மஞ்சள், யாரோ அவசரமாக எதையோ சொல்லிவிட்டு ஓடிப்போன மாதிரி. மரம் இல்லை, மலை இல்லை, மனுஷர் இல்லை. நான் கூலி பேச மறந்து நின்றேன்.

துரைசாணி தோட்டத்துத் தமிழைத் தன் பாட்டுக்குப் பேசுவார். "நீ என்னா பாக்குது?" என்று கேட்டார்.

"ஒண்ணும் தெரியலீங்கம்மா. ஆனா கண்ண எடுக்க முடியல."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப சரி. நீ பாத்தாச்சி" என்றார்.

இதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு யாரிடமிருந்தும் கிடைத்ததில்லை. படித்த கூட்டமெல்லாம் அந்தப் படத்தின் முன்னால் நின்று தலையைச் சொறிந்துவிட்டுப் போனதை அதற்குப் பிறகு நான் பார்த்திருக்கிறேன். நல்ல தேக்கில் நான்தான் சட்டம் அடித்தேன். நான்தான் கித்தானை இழுத்து ஆணி வைத்தேன். பங்களா நடுச்சுவர் முழுக்க அது நின்றது. சட்டத்தின் ஆப்பு இறுக்கவேண்டும், மூலை தளர்ந்திருக்கும் என்று ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருவேன். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் நீங்கள் எப்படியும் கேட்பீர்கள்.

எழுபத்தைந்தில் அரசாங்கம் தோட்டங்களை எடுத்தபோது துரையும் துரைசாணியும் சீமைக்குப் போய்விட்டார்கள். படம் எந்தப் பெட்டியிலும் அடங்காமல் சுவரிலேயே தங்கிவிட்டது. தோட்ட நிர்வாகத்துக்குப் புதிதாக வந்த துரையின் பிள்ளைகள் அதைப் பார்த்துப் பயந்து அழுதார்களாம். கழற்றிப் பழைய ஸ்டோரில் போட்டார்கள். நான் நடையாய் நடந்து கேட்டேன். கடைசியில் ஸ்டோர்க்காரர், "கறையான் தின்னு தீத்துருச்சுங்க" என்று கையை விரித்தார். நான் நம்பிவிட்டேன். அதற்குக் கருமாதி செய்யாத குறைதான். அதன்பிறகு பத்து வருடமாக முருகனுக்கும் லட்சுமிக்கும் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன்.

இனிப் போன மார்கழிக்கு வருகிறேன்.

நரிப்பாறையில் சின்னராசாவின் சம்சாரம் பாக்கியலெட்சுமி காய்ச்சலில் போய்விட்டது. சின்னராசாவை உங்களுக்குத் தெரியும், இந்தக் குடையைக் கொண்டுவந்து கொடுத்தவர். தேயிலை ஃபெக்டரியில் வேலை. அந்த லயத்துக்குச் சங்கத் தலைவரும் அவர்தான். சட்டென்று குரலை உயர்த்தாத மனுஷர். ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அடையாள அட்டைப் படத்தைத் துண்டில் துடைத்து நீட்டினார்.

"செவப்புச் சேல போட்டுருங்கண்ணே. கல்யாணத்துக்கு எடுத்தது செவப்பு."

"போட்டுரலாம் சின்னராசா" என்றேன்.

அவருடைய மகள் தெய்வானை பேறுகாலத்துக்காக லுணுகலையிலிருந்து தாய்வீடு வந்திருந்தது. வந்த இடத்தில் தாய் போய்விட்டது. நிறை மாதம். குனிய முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு எனக்குப் பிளேன்டீ ஊற்றித் தந்தது. நக்கிக்கொண்டு குடிக்க உள்ளங்கையில் சீனியும் வைத்தது. "மாமா, எனக்கு ஒரு போட்டோகூட இல்ல. புள்ள பொறந்ததும் ரெண்டு பேத்துக்கும் சேத்து ஒண்ணு எடுத்துத் தருவீங்களா?" என்று கேட்டது. ஆகட்டும் என்றேன். சீனி ஒட்டிய கையைக் கழுவப் பின்வாசலுக்குப் போனேன்.

லயத்துக்குப் பின்னால் சரிவு செங்குத்தாக ஏறும். அதன் நடுவில், மழைத் தூறலில், என் படம் கிடந்தது.

சட்டத்தை எந்தப் பாவி விறகாக்கினானோ, வெறும் கித்தான் மட்டும் மண்ணில் விரித்து, ஓரமெல்லாம் கல் தூக்கி வைத்திருந்தார்கள். வர்ணப் பக்கம் மேலே. மழைத்தண்ணீர் கறுப்பின்மேல் ஓடி, சிவப்பில் குட்டையாக நின்று, மஞ்சள் மூலை வழியாக வடிந்தது. நான் வழுக்கி விழுந்து எழுந்து ஏறினேன். சின்னராசா பின்னாலேயே வந்தார். நான் வேறு எதையோ பார்க்க ஏறுகிறேன் என்று நினைத்திருக்கிறார்.

"பாத்துண்ணே. அதுக்கு அடியிலதான் வெடிச்சுருக்கு" என்றார்.

மலை வெடித்திருந்தது. ஐப்பசி மழையில் முடி கனத்துக்குத் தெரிந்த கோடு, மார்கழியில் விரல் போகிற அளவுக்கு வந்துவிட்டதாம். துரையிடம் சொன்னார்களாம். ரிப்போர்ட் போட்டிருக்கிறது என்றாராம். தார்ப்பாய் கேட்டார்களாம். மேலிடத்தில் கேட்டிருக்கிறது என்றாராம். மாறிப் போகலாம் என்றால் தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலும் கூரை இல்லை. மழைத்தண்ணீர் வெடிப்புக்குள் இறங்கினால் மண் ஊறிக் கீழே லயத்தின்மேல் வந்துவிடும் என்று அவர்களே பேசி, சுற்றித் தண்ணீர் ஓடக் கான் வெட்டி, பழைய ஸ்டோரில் கிடந்த இதைத் தூக்கிவந்து மூடியிருக்கிறார்கள்.

"பெயின்ட் கனமா ஊறியிருக்கு பாருங்க, சொட்டுத் தண்ணி எறங்கல. தொரசாணி படங்கு நல்ல படங்குண்ணே" என்றார் சின்னராசா.

"இது படங்கு இல்ல சின்னராசா. படம்."

கீழே தன் வாசலில் நின்ற பக்கத்து வீட்டு இராக்கம்மா அதைக் கேட்டுவிட்டார். "படமா? மாடு வழுக்கி வுழுந்த எடம் மாதிரியில்ல இருக்கு" என்றார். வாசல்களில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் கவலைக்குள்ளும் சிரித்தார்கள். எனக்கு அவர்கள்மேல் கோபம் வந்தது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் சின்னராசாவிடம் ஒளிவுமறைவில்லாமல் கேட்டேன். இது யார் வரைந்தது, நான் இதை எத்தனை வருடமாகத் தேடினேன் என்பதெல்லாம் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மழ விடட்டும்ணே. தை பொறந்து நாலு வெயில் அடிச்சதும் நானே சுருட்டிக் கொண்டாந்து ஒங்க கடையில போடுறேன். இப்ப மட்டும் கேக்காதீங்க. கீழ புள்ளத்தாச்சி கெடக்குது."

ஆக, அவர் மறுக்கவில்லை. தருவதாக வாக்குக் கொடுத்தார். நான் செய்யவேண்டியிருந்தது ஒன்றுதான், தை வரைக்கும் காத்திருப்பது. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் மழை விடவில்லை. கடையின் தகரக் கூரையில் விழுகிற ஒவ்வொரு அடியும் அந்த மஞ்சள்மேல் விழுவதாகவே எனக்குக் கேட்டது. எண்ணெய் வர்ணம் எவ்வளவு தாங்கும் என்று தொழிற்காரனான எனக்குத் தெரியாதா? நனைந்து காய்ந்தால் வெடிக்கும், வெடித்தால் பொருக்குப் பொருக்காகக் கழன்று வந்துவிடும். மழையில் ஒரு பிள்ளை நின்றால் பார்த்துக்கொண்டு போவீர்களா? நாய்க்குட்டி நின்றால்கூட மனசு கேட்காது. அந்தப் படத்துக்கு இந்த உலகத்தில் என்னைத் தவிர ஆள் இல்லை.

என் கடைக்கு இரண்டு கடை தள்ளி ஹார்ட்வெயார் கடை இருக்கிறது. வாசலிலேயே நீலத் தார்ப்பாய்கள் மடித்து அடுக்கியிருக்கும். உங்கள் ஆட்கள் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்: ஒரு தார்ப்பாயை வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டுப் படத்தை எடுத்திருக்கலாமே என்று. நியாயமான கேள்வி. நானும் அதை யோசித்தேன். கடைக்குள் போய் ஒன்றை விரித்துக்கூடப் பார்த்தேன். ஆனால் நான் தார்ப்பாயோடு போய் நின்றால் சின்னராசா என்ன சொல்வார்? சந்தோஷப்படுவார். "ரெண்டையும் போட்டு மூடுவோம்ணே" என்பார். நிறைமாதப் பிள்ளையை வீட்டில் வைத்திருப்பவர் அப்படித்தான் சொல்வார், அவர் சொல்வதும் சரியாகவே இருக்கும். அதனால் மடித்து வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அன்றைக்கே பாக்கியலெட்சுமியின் படத்துக்கு வர்ணம் தீட்டினேன். சேலைக்குப் பச்சை கொடுத்தேன்.

சிவப்பு தீர்ந்துபோய்விட்டதா என்று கேட்கிறீர்கள். இல்லை. டப்பா நிறைய இருந்தது.

வியாழக்கிழமை றஹீமின் லொறியில் போனேன். றஹீம் அந்தப் பக்கம் மரக்கறி ஏற்றப் போகிறவர். நரிப்பாறை வளைவில் கொஞ்சம் நிற்கச் சொல்லிவிட்டு லயத்துக்கு இறங்கினேன். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் கலைந்து ஆட்கள் கொழுந்து மலைக்குப் போயிருந்தார்கள். உடம்புக்கு முடியாத இராக்கம்மா வாசலில் உட்கார்ந்திருந்தார். சின்னராசா ஃபெக்டரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நான் காகிதத்தைப் பிரித்துப் படத்தைக் காட்டினேன்.

அவர் சம்சாரத்தின் முகத்தை விரலால் தொட்டுக்கொண்டு நின்றார். கண் கலங்கியது. பிறகுதான் சேலையைக் கவனித்தார். என்னைக் குற்றம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"நான்தான் செவப்புன்னு சொல்லாம வுட்டுட்டேனோ என்னமோண்ணே" என்றார்.

"இல்ல, என் தப்பு. அப்ப படத்த எடுத்துக்கிட்டுப் போகட்டுமா?"

"எடுத்துக்கிட்டுப் போங்கண்ணே."

நான் இன்னொரு முறையும் கேட்டேன், சத்தமாகவே. "சின்னராசா, படத்த எடுத்துக்கிட்டுப் போறேன்."

"அதான் சொல்லிட்டாரே, கொண்டுக்கிட்டுப் போங்க படக்கடைக்காரரே" என்றார் இராக்கம்மா. "பச்சையில பாக்கியம் வேற யாரோ மாதிரியில்ல நிக்கிறா."

நான் படங்கைக் கேட்கவில்லை என்பதற்கு இராக்கம்மாதான் சாட்சி. இருந்திருந்தால் சொல்லியிருப்பார்.

சின்னராசா ஃபெக்டரிக்குப் போனார். தெய்வானை உள்ளே படுத்திருந்தது. பாயில் புரளுகிற சத்தம் கேட்டது. நான் பாக்கியலெட்சுமியின் படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பாதைக்கு ஏறுவதுபோல ஏறி, லயத்துக்குப் பின்னால் திரும்பினேன். அந்த நேரம் பார்த்துத் தூறலும் விட்டிருந்தது. எனக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது.

கல்லையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தேன். கித்தானைச் சுருட்டும்போது வர்ணப் பக்கம் வெளியே இருக்கவேண்டும். தெரியாதவர்கள் உள்ளே வைத்துச் சுருட்டி வர்ணத்தை நொறுக்கிவிடுவார்கள். நான் அவசரப்படவில்லை. பாதி சுருட்டியபோது வெடிப்பு தெரிந்தது. விரல் போகிற அளவு என்று சொன்னது இப்போது கை போகிற அளவுக்கு இருந்தது. நான் கையை விட்டுப் பார்த்தேன். முழங்கை வரைக்கும் போனது, அடி தட்டவில்லை. காதை வைத்தால் உள்ளே எங்கேயோ தண்ணீர் நகரும் சத்தம் கேட்டது. கையை எடுத்துத் துடைத்துக்கொண்டு மீதியைச் சுருட்டினேன்.

ஈரக் கித்தான் பிணக் கனம் கனத்தது. தோளில் போட்டுக்கொண்டு லொறிக்கு வந்து சேர்வதற்குள் மழை மறுபடியும் பிடித்துவிட்டது. றஹீம் இறங்கி வந்து கை கொடுத்தார்.

"என்ன அண்ணன் இது, தெப்பமா நனைஞ்சு வாறீங்க. குடை எங்க?"

"மறந்துட்டேன்."

"நான் ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வாறன்."

"வேணாம் றஹீம். இருக்கட்டும்" என்றேன்.

அன்று முழுக்க நான் கடையைத் திறக்கவில்லை. பின்னறையில் படத்தை விரித்து, பழைய பனியன் துணியால் ஒற்றி ஒற்றி ஈரம் எடுத்தேன். மஞ்சள் தப்பியிருந்தது. சிவப்பில் ஓரிடத்தில் மட்டும் பொருக்கு. இடது கீழ்மூலையில் செம்மண் ஏறியிருந்தது. அதைத் துடைக்கப் போய்விட்டு நிறுத்திக்கொண்டேன், அந்த இடத்துக்கு அது பொருத்தமாக இருந்தது. வெளியே மழை அடித்து ஊற்றியது. பல வருடத்துக்குப் பிறகு எனக்கு அந்தச் சத்தம் நிம்மதியாக இருந்தது. நன்றாகத் தூங்கினேன்.

காலையில் பஸ் கண்டக்டர்தான் சொன்னார், இராத்திரி நரிப்பாறையில் மலை இறங்கி ஒரு லயம் அப்படியே போய்விட்டது என்று. நீங்கள் என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள், உண்மையைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்த எண்ணம், நல்லவேளை எடுத்துவிட்டேன் என்பதுதான். ஒரு நாள் தள்ளிப்போயிருந்தால் படமும் மண்ணுக்குள் போயிருக்கும். அப்புறம்தான் ஆட்களின் ஞாபகம் வந்தது. அப்போது எனக்கு உட்கார முடியவில்லை. கடையைப் பூட்டிக்கொண்டு எழுந்து நடந்தேன், எங்கே நடந்தேன் என்று கேட்டால் தெரியாது.

சின்னராசா அன்றிரவும் ஃபெக்டரி வேலையிலேயே இருந்ததால் பிழைத்தார். தெய்வானை பிழைக்கவில்லை. இராக்கம்மாவும் இல்லை. மற்றவர்கள் பெயர் உங்களிடம் இருக்கிறது.

இறந்தவர்கள் எல்லோருடைய படத்துக்கும் நான் காசு வாங்காமல் சட்டம் போட்டுக் கொடுத்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானாகவே செய்தேன். தோடு கேட்டவர்களுக்குத் தோடு போட்டேன். கடையில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். "நீங்க நல்லா இருக்கணும்" என்றார்கள்.

சின்னராசாவும் வந்தார். "தெய்வானைக்கு ஒரு படம் வேணும்ணே. போட்டோ இல்ல. நீங்க மொகத்தப் பாத்திருக்கீங்களே, அப்படியே வரைஞ்சு குடுங்க" என்றார்.

நான் உட்கார்ந்து பார்த்தேன். அந்தப் பெண் எனக்கு டீ ஊற்றிய கை ஞாபகம் இருந்தது. சீனி ஞாபகம் இருந்தது. முகம் வரவில்லை. பத்து வருடம் பார்க்காமலிருந்தும் அந்தப் படத்தின் ஒவ்வொரு தீற்றையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடிந்த எனக்கு, அந்தப் பெண்ணின் மூக்கு எப்படி இருந்தது என்று வரவில்லை. அதனால் தாயின் படத்தையே எடுத்து, கன்னத்தைக் கொஞ்சம் நிரப்பி, வயதைக் குறைத்து, சேலைக்குச் சிவப்புக் கொடுத்தேன். இந்த முறை சிவப்புத்தான்.

போன வாரம் அதை வாங்க அவர் வந்தபோது கையில் இந்தக் குடையைக் கொண்டுவந்தார். கம்பி வளைந்து, துணியெல்லாம் மண். கழுவித் துடைத்து, வளைந்ததைத் தன்னால் முடிந்த மட்டும் நிமிர்த்தியிருந்தார்.

"ஒங்க குடைண்ணே. மண்ணு வெட்டுறப்ப வந்துச்சு. பேரு இருந்துச்சு. அன்னிக்கு மறந்து வச்சுட்டுப் போயிட்டீங்க போல" என்றார்.

நான் வாங்கி வைத்தேன். மகளின் படத்தைக் கொடுத்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, "அவ ஆத்தாவ அப்புடியே உரிச்சு வச்ச மாதிரி இருக்கு" என்று சொல்லிக் குலுங்கி அழுதார். எனக்கும் கண் கலங்கியது. தண்ணீர் கொண்டுவரலாம் என்று பின்னறைத் திரையை விலக்கினேன். அது நான் செய்த முட்டாள்தனம்.

புதுத் தேக்குச் சட்டத்தில் சுவர் முழுக்க நின்ற படத்தை அவர் பார்த்தார். கிட்டே வந்தார். செம்மண் ஏறிய மூலையைத் தொட்டார். வெகு நேரம் நின்றார். அவரும் பார்த்துவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன். ஐயா, ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"இது எங்க படங்கு" என்றார்.

"படம், சின்னராசா. நீங்கதான் எடுத்துக்கிட்டுப் போகச் சொன்னீங்க."

அவர் மேசையிலிருந்த குடையை எடுத்துக்கொண்டு நேரே உங்களிடம் வந்துவிட்டார். மகளின் படத்தைக்கூட எடுக்கவில்லை. அது இன்னும் கடையில்தான் இருக்கிறது, யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள்.

பின்னறைப் படத்தைச் சாட்சிப் பொருளாக எடுப்பதாக இருந்தால் மடிக்கவேண்டாம். வர்ணப் பக்கம் வெளியே வைத்துச் சுருட்டச் சொல்லுங்கள். ஈரச் சுவரில் சாத்தக்கூடாது. இதை யாரும் அலட்சியமாக விட்டுவிடக்கூடாது, குறித்துக்கொண்டீர்களா?

ஒரு மலை இறங்குவதற்கு நான் காரணம் இல்லை. மேலே மரம் வெட்டியவர்கள் இருக்கிறார்கள், ரிப்போர்ட் போட்டவர்கள் இருக்கிறார்கள். ஒரு கித்தான் துணி மலையைப் பிடித்து நிறுத்துமா? மூடியிருந்தாலும் திறந்திருந்தாலும் அது இறங்கத்தான் இறங்கியிருக்கும். இப்படித்தான் நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன், இப்போதும் அதையே சொல்கிறேன்.

அப்படியானால் குடை எப்படி அங்கே போனது என்று கேட்கிறீர்கள். றஹீமிடம் மறந்துவிட்டேன் என்று சொன்னது பொய். இந்த வாக்குமூலத்தில் நான் ஒத்துக்கொள்கிற பொய் அது ஒன்றுதான். கித்தானைச் சுருட்டித் தோளில் தூக்கிய பிறகு முதல் துளி விழுந்தது. அது நேராக வெடிப்புக்குள் விழுந்ததை நான் பார்த்தேன். கீழே தெய்வானை இருமியது கேட்டது. நான் கல் நெஞ்சக்காரன் இல்லை. பாரத்தை இறக்கி வைத்துவிட்டு, குடையை விரித்து, வெடிப்பு எங்கே அகலமாக இருந்ததோ அங்கே சாய்த்துக் கவிழ்த்து, காற்று அடித்துக்கொண்டு போகாமல் காம்பின்மேல் ஒரு கல்லையும் வைத்தேன். அந்த இடத்தை வெறுமனே திறந்து போட்டுவிட்டுப் போனான் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், ஐயா. நான் நனைந்துகொண்டுதான் இறங்கினேன்.